ஜெர்சிக்குள் மறைத்த வாழ்க்கை

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து 1992-இல் தொடங்கியது. அதன் முதல் முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த நாலாயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் அதில் ஆடினார்கள். அவர்களுடைய சம்பளம், காதல், விவாகரத்து, வாங்கிய கார் என எல்லாமே ரசிகர்களுக்கு அத்துப்படி. ஆனால், ஆடிக்கொண்டிருக்கும்போதே “நான் தன்பாலீர்ப்பாளன்” என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

அப்படிப்பட்டவர்கள் அந்த லீகில் இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல. இருந்தார்கள், மறைத்தார்கள். ஜெர்மனியின் தாமஸ் ஹிட்சில்ஸ்பெர்கர் அதற்குச் சாட்சி. ஆஸ்டன் வில்லா, வெஸ்ட் ஹாம், எவர்ட்டன் ஆகிய கிளப்களுக்கு ஆடியவர். தன் நாட்டுக்காக 52 ஆட்டங்களில் களமிறங்கியவர். 2013 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். அதன்பின் 2014 ஜனவரியில்தான் ஒரு ஜெர்மன் வார இதழிடம் தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னார்.

எலும்பு முறிந்தாலும் ஊசி போட்டுக்கொண்டு களத்துக்குத் திரும்புகிறவர்களை யாரும் கோழைகள் என்று சொல்ல முடியாது. பிறகு எதற்கு இந்த மௌனம்? வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் கண்முன்னே ஒரு கதை இருந்தது. அது ஜஸ்டின் ஃபஷானுவின் கதை.

ஒரு கோல், ஒரு தலைப்புச் செய்தி

1980 பிப்ரவரி 9. நார்விச் நகரின் கேரோ ரோடு மைதானம். எதிரணி, அன்று இங்கிலாந்தையே ஆண்டுகொண்டிருந்த லிவர்பூல். பெனால்டி பகுதிக்கு வெளியே, கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்குகிறார் 18 வயது ஃபஷானு. காலால் மெல்ல அதை மேலே தட்டிவிட்டு, அப்படியே திரும்பி, பந்து தரையைத் தொடுவதற்குள் இடது காலால் ஓங்கி ஓர் உதை. கோல்கீப்பர் பாய்ந்தும் பயனில்லை. அடித்தவர் துள்ளிக் குதிக்கவில்லை. ஒற்றை விரலை மட்டும் உயர்த்தி நின்றார். ஆட்டத்தில் நார்விச் தோற்றது. ஆனால், அந்த சீசனின் சிறந்த கோல் என்று பிபிசி தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

நைஜீரியத் தந்தைக்கும் கயானா நாட்டுத் தாய்க்கும் லண்டனில் பிறந்தவர் ஃபஷானு. பெற்றோர் பிரிந்த பிறகு குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டார். அவரையும் தம்பி ஜானையும் நார்ஃபோக் கிராமம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எடுத்து வளர்த்தார்கள். 1981-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின பிரிட்டிஷ் வீரர் அவர்தான்.

அங்கேதான் வினை தொடங்கியது. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இரவு விடுதிகளுக்கு ஃபஷானு போய்வருகிறார் என்ற பேச்சு பயிற்சியாளர் பிரையன் கிளஃபின் காதுக்கு எட்டியது. அவரைக் கூப்பிட்டு எப்படித் திட்டினேன் என்பதை கிளஃப் பின்னாளில் தன் சுயசரிதையிலேயே எழுதினார். பயிற்சிக்கு வரக் கூடாது என்றார். மீறி வந்தபோது போலீஸை வைத்து வெளியேற்றினார். பத்து லட்சத்துக்கு வந்தவர், 1982 முடிவதற்குள் ஒன்றரை லட்சம் பவுண்டுக்குப் பக்கத்துக் கிளப்புக்கு விற்கப்பட்டார். பிறகு முழங்கால் காயமும் சேர்ந்துகொண்டது.

1990 அக்டோபர் 22 அன்று, ‘தி சன்’ நாளிதழின் முதல் பக்கத்தில், தான் தன்பாலீர்ப்பாளர் என்ற அவருடைய ஒப்புதல் கொட்டை எழுத்தில் வந்தது. கூடவே வளர்ந்த தம்பி ஜானும் அப்போது புகழ்பெற்ற கால்பந்து வீரர். அண்ணனைப் பத்திரிகையில் பகிரங்கமாகக் கைகழுவினார். அதற்காக வெகுகாலம் கழித்து வருந்தினார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, கனடா, ஸ்வீடன், நியூசிலாந்து என்று ஃபஷானு கிளப் கிளப்பாக அலைந்தார்.

1998-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 17 வயது இளைஞர் ஒருவர் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு சுமத்தினார். ஃபஷானு அதை மறுத்தார். தன்பாலீர்ப்பாளரான தனக்கு நியாயமான விசாரணை கிடைக்காது என்று அஞ்சி இங்கிலாந்து திரும்பினார். வழக்கு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. அந்த மே மாதம் லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 37.

வாயைத் திறந்தால் என்ன போகும்?

விளையாட்டு வீரரின் தொழில் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். அந்தக் காலமும் பயிற்சியாளர் ஒருவரின் மனப்போக்கை நம்பி இருக்கிறது. அணியிலிருந்து ஒருவரை உட்கார வைப்பதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஃபார்ம் சரியில்லை’ என்றால் முடிந்தது. உண்மையான காரணம் வேறாக இருந்தால் அதை நிரூபிக்க வழியே இல்லை.

அமெரிக்க பேஸ்பால் வீரர் கிளென் பர்க்குக்கு நடந்ததும் இதுதான். கையை உயர்த்தி உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொள்ளும் ‘ஹை ஃபைவ்’ பழக்கம், 1977 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக அவரும் சக வீரர் டஸ்டி பேக்கரும் கை தட்டிக்கொண்டதிலிருந்துதான் பரவியது என்று பலரும் சொல்வார்கள். அதே அணியின் நிர்வாகம், கல்யாணம் செய்துகொண்டால் தேனிலவுச் செலவை ஏற்றுக்கொள்வதாக அவரிடம் பேரம் பேசியது என்று பர்க் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அவர் மசியவில்லை. 1978-இல் ஓக்லாந்து அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கே பயிற்சியாளரின் வசவுகளைக் கேட்க நேர்ந்தது. 27 வயதில் பேஸ்பால் வாழ்க்கை முடிந்தது. அன்றைய டாட்ஜர்ஸ் வீரர்களின் பேட்டிகளைப் பார்த்தால், அவரை அணியிலிருந்து அனுப்பியதில் பலருக்கு வருத்தம் இருந்தது தெரிகிறது. சக வீரர்களுக்கு அவர் பாரமாக இருக்கவில்லை, நிர்வாகத்துக்குத்தான் இருந்தார்.

கேலரி என்ன செய்யும் என்பதற்கு கிரேம் லெ சோவின் அனுபவம் போதும். செல்சீ அணியின் தற்காப்பு வீரரான அவர் தன்பாலீர்ப்பாளரே அல்ல. மனைவி, குழந்தைகளோடு வாழ்பவர். ஆனால், கார்டியன் நாளிதழ் படிப்பார், மற்ற வீரர்களின் கேளிக்கைகளில் அவ்வளவாகச் சேரமாட்டார். அது போதுமானதாக இருந்தது. பல ஆண்டுகள் மைதானம் மைதானமாக அவரை வசைபாடினார்கள். 1999 பிப்ரவரியில் லிவர்பூலின் ராபி ஃபவுலர் களத்திலேயே அவரைப் பார்த்து ஆபாசமாகச் சைகை செய்தார். லெ சோ நடுவரிடம் முறையிட்டார். நேரத்தை வீணடிக்கிறார் என்று நடுவர் மஞ்சள் அட்டை காட்டியது லெ சோவுக்கு! பிறகு விசாரணை நடந்து இருவருக்கும் தடை விதிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து ஃபவுலர் வருத்தம் தெரிவித்தார். அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, உண்மையிலேயே மறைத்து வாழ்ந்த வீரர்கள் என்ன முடிவெடுத்திருப்பார்கள்?

ஆல்ஃபி காத்திருந்த இரவு

மறைத்து வாழ்வது என்றால் சும்மா இருப்பது இல்லை. அது இன்னொரு முழுநேர வேலை. வேல்ஸ் நாட்டின் ரக்பி வீரர் காரெத் தாமஸ் அதை விரிவாகவே பேசியிருக்கிறார்.

‘ஆல்ஃபி’ என்று செல்லமாக அழைக்கப்படும் தாமஸ், தபால்காரராக வேலை பார்த்துவிட்டுத் தொழில்முறை ரக்பிக்கு வந்தவர். முன்பற்கள் போன, ஆறடி மூன்றங்குல உருவம். வேல்ஸுக்காக 100 ஆட்டங்கள் ஆடிய முதல் வீரர். 2005-இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கும் கேப்டனாக இருந்தார். வேல்ஸில் ரக்பி கிட்டத்தட்ட மதம் மாதிரி. அதன் நாயகன் தன்பாலீர்ப்பாளனாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாதபடி அவர் பார்த்துக்கொண்டார். எல்லோரையும்விட முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். தன்னை மாற்றிவிடும்படி கடவுளிடம் மன்றாடினார். காதலித்த பெண்ணையே மணந்தார். மனைவிமீது உண்மையான பாசமும் வைத்திருந்தார். அதனாலேயே வேதனை இரட்டிப்பானது. உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததாகப் பிறகு சொன்னார்.

2006-இல் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அந்த நவம்பரில், கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததும் டிரெஸ்ஸிங் ரூமில் உடைந்து அழுதார். விஷயத்தை ஊகித்துக்கொண்ட பயிற்சியாளர் ஸ்காட் ஜான்சன், இதைத் தனியாளாகச் சுமக்க முடியாது, அணியில் நம்பிக்கையான இருவரிடமாவது சொல்ல வேண்டும் என்றார். தாமஸின் சம்மதத்தோடு ஸ்டீஃபன் ஜோன்ஸ், மார்ட்டின் வில்லியம்ஸ் ஆகியோரிடம் ஜான்சனே சொன்னார். அவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று ஒரு பாரில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தாமஸ். இருவரும் வந்தார்கள். முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். இதை ஏன் முன்பே எங்களிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்கள்.

2009 டிசம்பரில், 35 வயதில், ஆடிக்கொண்டிருக்கும்போதே உலகத்துக்கும் சொன்னார். அடுத்த ஆண்டு ரக்பி லீக் ஆடப் போனபோது எதிரணி ரசிகர்கள் கூட்டமாக அவரை ஏசினார்கள். ஏச்சுக்காக அந்த ரசிகர்களின் கிளப்புக்கே அபராதம் விதிக்கப்பட்டது. லெ சோவுக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட்டதிலிருந்து பதினோரு ஆண்டுகளில் நிர்வாகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

அமெரிக்கக் கால்பந்தின் ரயன் ஓ’கேலஹனுக்கு நிலைமை இன்னும் கடுமை. தன்னைப் போன்ற ஒரு ராட்சத உருவத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதாலேயே அந்த விளையாட்டை ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்திருந்தார். ஆட்டம் முடிந்துபோனால் வாழ்வும் முடிந்தது என்று தீர்மானித்திருந்தார். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் உளவியலாளர் பொறுமையாகப் பேசிப் பேசித்தான் அவரை மீட்டார். 2011-இல் அவர் நடுங்கியபடி உண்மையைச் சொன்னபோது, அணியின் பொது மேலாளர் ஸ்காட் பியோலி அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை, ஆதரவாக நின்றார்.

பெண்கள் களத்தில்

பெண்கள் விளையாட்டில் நிலைமை வேறு. ஆனால், அது இலவசமாகக் கிடைத்ததில்லை. 1981-இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் அந்தரங்கம் ஒரு வழக்கின் மூலம் வெளியே இழுக்கப்பட்டது. ஒரே நாளில் விளம்பர ஒப்பந்தங்கள் பறிபோயின. அதே ஆண்டு மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் விஷயமும் செய்தியானது. இருவரும் ஓடி ஒளியாமல் ஆடினார்கள், ஜெயித்தார்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் 2019 பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் மேகன் ராபினோ தயக்கமின்றி நின்றார். கிரிக்கெட்டிலும், தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க்கும் மரிசான் காப்பும் 2018-இல் திருமணம் செய்துகொண்டு ஒரே அணியில் தொடர்ந்து ஆடினார்கள்.

இந்தியாவில் முதலில் பேசியவரும் பெண்தான். ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த், 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண் ஒருவரைக் காதலிப்பதாக அறிவித்தார். 2018 செப்டம்பரில் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 377-ஆவது பிரிவு குறித்து அளித்த தீர்ப்புதான் அந்தத் துணிச்சலைத் தந்தது என்றார். வீட்டிலிருந்தே எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. இரண்டே மாதத்தில், இத்தாலியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

சொன்ன பிறகு

சொன்னவர்களில் பலரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: பாரம் இறங்கியதும் ஆட்டம் கூடியது. 2022 மே மாதம் பிளாக்பூல் கிளப்பின் ஜேக் டேனியல்ஸ், 17 வயதில், தான் தன்பாலீர்ப்பாளன் என்று அறிவித்தார். அம்மாவிடமும் சகோதரியிடமும் சொன்ன மறுநாள் இளையோர் அணிக்காக நான்கு கோல் அடித்ததை அவரே குறிப்பிட்டார். ஃபஷானுவுக்குப் பிறகு, பிரிட்டனின் தொழில்முறை ஆண்கள் கால்பந்தில் ஆடும்போதே இப்படி அறிவித்த வீரர் கிடைக்க 32 ஆண்டுகள் ஆயின. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் கவாலோ சொல்லியிருந்தார். டேனியல்ஸுக்குத் துணிவு தந்தவர்களில் அவரும் ஒருவர். 2023 பிப்ரவரியில் செக் நாட்டின் தேசிய அணி வீரர் யாகுப் யாங்க்டோ சொன்னார்.

கிரிக்கெட்டில் இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ், தன் முன்மாதிரியாகச் சொன்னது காரெத் தாமஸைத்தான். 2010-11 ஆஷஸ் தொடருக்கு முன்பே பயிற்சியாளர் ஆண்டி ஃபிளவரிடமும் அணியினரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த அணி ஆஸ்திரேலிய மண்ணில் தொடரை 3-1 என்று வென்று திரும்பியது. 2011 பிப்ரவரியில் டேவிஸ் பொதுவெளியில் அறிவித்தார்.

இந்த வரிசையைத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஜான்சன், பியோலி, ஃபிளவர் போன்றவர்கள் இருந்த இடத்தில் வீரர் பிழைத்தார், ஆடினார். இல்லாத இடத்தில் வீரர் அழிந்தார். எனவே, ‘தைரியம் இருந்தால் சொல்லட்டுமே’ என்று வீரர்களைப் பார்த்துக் கேட்பது நியாயமில்லை. தைரியம் வேண்டியது பயிற்சியாளருக்கும் நிர்வாகத்துக்கும்தான்.

இந்தியாவுக்காக ஆடிய ஆண் கிரிக்கெட் வீரர் எவரும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. அதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஒரு பையன் கேட்சைத் தவறவிட்டால், ‘பொட்டை’ என்றும் ‘ஒம்போது’ என்றும் குரல்கள் எழுகின்றன. பயிற்சியாளர்களும் சிரித்துக்கொண்டு நகர்கிறார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் அன்றே தன்னை மறைக்கத் தொடங்குகிறான். பயிற்சியாளர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, இந்தச் சொற்களுக்கு உங்கள் மைதானத்தில் நாளைக் காலையிலிருந்து தடை போடுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணை வேண்டாம். என்றாவது ஒரு மாணவர் உங்களிடம் வந்து மனம் திறந்தால், அந்த ரகசியத்தைக் காப்பாற்றுங்கள். அடுத்த ஆட்டத்தில் அவருக்குரிய இடத்தைக் கொடுங்கள்.