எஸ். ராமகிருஷ்ணன் (சமூக சேவகர்)

இக்கட்டுரை ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் நிறுவனரைப் பற்றியது. இதே பெயர் கொண்ட தமிழ் எழுத்தாளர் வேறொருவர்.

எஸ். ராமகிருஷ்ணன் தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் உள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்னும் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் ஆவார். 1975இல் நேர்ந்த விபத்தினால் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த இவர், 1981இல் இச்சங்கத்தைத் தொடங்கினார். சமூகப் பணிக்காக 2020ஆம் ஆண்டுக்கான பத்மசிறீ விருது இவருக்கு அறிவிக்கப்பட்டது.

விபத்து

பொறியியல் மாணவராக இருந்தபோது ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரிப் பணிக்கு விண்ணப்பித்தார். அதற்கான தேர்வு பெங்களூரில் நடைபெற்றது. உடற்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சிதைந்தது.

மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கடத்துவது தண்டுவடம் ஆகும். அது கழுத்தளவில் அறுபடும்போது கை, கால்களின் அசைவு மட்டுமன்றித் தொடு உணர்வும், சிறுநீர், மலம் கழிப்பதன் மீதான கட்டுப்பாடும் போய்விடுகின்றன. வலி தெரியாததால் ஒரே நிலையில் படுத்திருப்பவருக்குப் படுக்கைப் புண் உண்டாகும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இத்தகைய காயம் அடைந்தோரில் பலர் காயத்தினால் அன்றி, பின்னர் வரும் புண்ணினாலும் சிறுநீர்த் தொற்றினாலுமே இறந்தனர். 1970களின் இந்தியாவில் சிற்றூர்களில் இதற்கான பராமரிப்பு கிடைப்பது மிக அரிது.

இராணுவ மருத்துவமனையில் இவருக்குச் சிகிச்சை அளித்தவர் விமானப்படை மருத்துவரான ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல். பின்னர் தொடங்கிய நிறுவனத்திற்கு ராமகிருஷ்ணன் சூட்டியது இம்மருத்துவரின் பெயரையே. 'அமர்' என்பதற்கு வடமொழியில் 'இறவாத' என்ற பொருள் இருப்பதால், பலர் அதைத் தத்துவப் பெயராக எண்ணிக் கொள்கின்றனர்.

இதே 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநராக நியமிக்கப்பட்டார் என்பதையும் இங்கு ஒப்பிடலாம். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராபர்ட்ஸ், வேலை செய்ய இயலாதவர் என்று முன்னர் இதே துறையால் மதிப்பிடப்பட்டவர். உதவி பெறுபவரே உதவி செய்யும் அமைப்பை நடத்தலாம் என்ற எண்ணம் அன்று உலகெங்கும் புதியது.

அமர் சேவா சங்கம்

1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. ('மாற்றுத்திறனாளி' என்ற சொல் அப்போது வழக்கில் இல்லை.) அவ்வாண்டில் ஒரு சில குழந்தைகளுக்கான சிறு பள்ளியாகச் சங்கம் தொடங்கியது. எழுதுவதற்கும் ஏட்டைப் புரட்டுவதற்கும் பிறர் கை வேண்டியிருந்த ஒருவர் தம் சொந்த ஊரிலேயே தொடங்கிய முயற்சி அது. பெருநகரில் தொடங்கியிருந்தால் நன்கொடையாளரையும் மருத்துவரையும் எளிதில் பெற்றிருக்கலாம். ஆனால் சேவை இல்லாத இடம் ஆய்க்குடி போன்ற ஊர்களே.

1992இல் பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன் சங்கத்தில் இணைந்து, பின்னர் அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றார். தசைச் சிதைவு நோயால் இவரும் சக்கர நாற்காலியில் இருந்தே பணியாற்றினார். கணக்கும் நிர்வாகமும் அறிந்த ஒருவரின் வரவு, தொண்டு நிறுவனத்திற்கு ஒரு கட்டடத்தை விடப் பெரிய நன்கொடை எனலாம். ஆய்க்குடி வளாகம் காலப்போக்கில் ஏறத்தாழ 30 ஏக்கராக விரிவடைந்தது. எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, செயற்கை உறுப்புகளும் காலிப்பர்களும் செய்யும் பட்டறை, தொழிற்பயிற்சி, தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பிரிவு ஆகியன அங்கு ஏற்பட்டன.

வளாகத்திலிருந்து வீட்டிற்கு

சங்கத்தின் வரலாற்றில் முக்கியமானது வளாகத்தின் வளர்ச்சியன்று, வளாகத்தை விட்டு வெளியே சென்றதே ஆகும்.

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள வாசுதேவநல்லூரை எடுத்துக் கொள்வோம். அங்கிருந்து புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி ஒரு முறை அளித்தால் போதாது, வாரந்தோறும் தொடர வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறும் தாய், பீடி சுற்றியோ வயல் வேலை செய்தோ பெறும் அன்றைய கூலியை இழக்கிறாள். நான்காம் வாரத்தில் பயணம் நின்றுவிடுவதை அக்கறையின்மை என்று கூறுவது தவறு. எவ்வளவு சிறந்த மையம் கட்டினாலும் இந்தத் தொலைவு குறைவதில்லை.

இதற்கு மாற்றாக உலக சுகாதார நிறுவனம் 1978ஆம் ஆண்டின் அல்மா-ஆட்டா மாநாட்டிற்குப் பின் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்னும் முறையை முன்வைத்தது. அந்தந்த வட்டாரத்தைச் சேர்ந்தவருக்குப் பயிற்சி அளித்து, அவரை வீட்டிற்கே அனுப்புவது இதன் அடிப்படை. அமர் சேவா சங்கமும் இவ்வழியில் கிராமம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டத்தை நடத்தியது.

தேவையின் தன்மையும் இடையில் மாறிவிட்டது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைக்குக் காலிப்பரும் பள்ளியும் பெருமளவு போதுமானவை. 2011 சனவரிக்குப் பின் இந்தியாவில் காட்டு வகைப் போலியோ நோயாளி எவரும் கண்டறியப்படவில்லை, 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. பெருமூளை வாதம், வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் போன்றவையோ முதல் ஆறு ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட வேண்டியவை. தவழவில்லையே என்று கவலைப்படும் தாயிடம் 'போகப் போகச் சரியாகும்' என்று சுற்றத்தார் சொல்வதில் ஓராண்டு கழிந்துவிடுகிறது. மூளை வேகமாக வளரும் காலத்தில் அந்த ஓராண்டு பெரிய இழப்பு.

இந்நோக்கில் சங்கம் கனடாவைச் சேர்ந்த வல்லுநர்களின் ஒத்துழைப்புடன் ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்கியது. களப்பணியாளர் வீட்டிலேயே குழந்தையின் நிலையைப் படிப்படியாகக் கேட்டுப் பதிவு செய்வார். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோர் அப்பதிவைப் பார்த்து அடுத்த பயிற்சியை வகுப்பர். செயலி எவருக்கும் சிகிச்சை அளிப்பதில்லை. சில வல்லுநர்களின் அறிவைப் பல வீடுகளுக்குப் பகிர்வதும், எந்தக் குழந்தை விடுபட்டது என்று காட்டுவதுமே அதன் பயன்.

சட்டச் சூழல்

சங்கம் தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்று, அரசுப் பணி இடஒதுக்கீட்டை 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தியது. தசைச் சிதைவு நோய் பட்டியலில் தனியே இடம்பெற்றது இப்புதிய சட்டத்தில்தான்.

விருது

2020ஆம் ஆண்டுக்கான பத்ம விருதுகள் வழங்கும் விழா கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2021 நவம்பரில் புது தில்லியில் நடைபெற்றது. தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 22 அன்று. அதுவரை ஆய்க்குடி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்ததால், பழைய நூல்களிலும் செய்திகளிலும் இச்சங்கம் நெல்லை மாவட்ட நிறுவனமாகவே குறிக்கப்படுகிறது.