கண் விலகிய 83 மீட்டர்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் 16.7 மீட்டர் கடக்கிறது. கைபேசியில் வந்த செய்தியைப் படித்து ஒரு சொல்லில் பதில் தட்ட ஐந்து விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கார் 83 மீட்டர் போயிருக்கும். அதே வேகத்தில் சாலையைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு, முன்னால் நிற்கும் பைக்கைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி, அதாவது 25 மீட்டர் ஆகும். காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க இன்னும் சுமார் 23 மீட்டர். மொத்தம் 48. எனவே 83 மீட்டருக்கு முன்னால் நின்ற பைக்கைப் பார்த்திருந்தால், 35 மீட்டர் இடைவெளி மிச்சம் இருக்கும்போதே கார் நின்றிருக்கும். பார்க்காததால் பிரேக்கே படாமல், முழு வேகத்தோடு மோதுகிறது.

ஐந்து விநாடி என்பது மிகைக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் வர்ஜினியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லாரிகளில் கேமரா பொருத்தி நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கைபேசியில் செய்தி தட்டிய ஓட்டுநர்களின் கண், ஆறு விநாடியில் 4.6 விநாடி சாலையை விட்டு விலகியிருந்தது. விபத்தோ, மயிரிழையில் தப்பிய நிலையோ நேரும் வாய்ப்பு 23 மடங்கு கூடியிருந்தது.

மோதலின் அடி இரு தரப்புக்கும் சமமாக விழுவதில்லை. கார் 1,100 கிலோ, பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். 60 கிலோமீட்டரில் வந்த கார் நின்றிருந்த பைக்கை இடித்து, இரண்டும் ஒன்றாக நகர்ந்தால், சேர்ந்த வேகம் சுமார் 51. காரின் வேகம் 9 கிலோமீட்டர் குறைகிறது. பைக்கில் இருந்தவரின் உடல் நொடிப்பொழுதில் பூஜ்யத்திலிருந்து 51-க்குத் தள்ளப்படுகிறது. காருக்குள் இருப்பவருக்கு அது ஒரு குலுங்கல். வெளியே இருப்பவருக்குத் தொடை எலும்பு, இடுப்பு, மண்டை.

இந்தியா முழுவதும் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நாளொன்றுக்கு 205 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இறப்பில் இரண்டாமிடம்: 17,884.

அதே அறிக்கையில் 'ஓட்டும்போது கைபேசி' என்ற காரணத்தின் கீழ் இருப்பது 3,395 இறப்பு. மொத்தத்தில் இரண்டே சதவீதம். அதிவேகத்தின் கணக்கிலோ 71 சதவீதம். இந்த இரண்டு சதவீதத்தை என்னால் நம்ப முடியவில்லை. எந்த ஊர்ச் சாலைச் சந்திப்பிலும் பத்து நிமிடம் நின்று பார்த்தவர் நம்ப மாட்டார். வேகத்துக்குச் சாட்சியாக நசுங்கிய தகடும் டயர்த் தடமும் சாலையில் கிடக்கும். கைபேசியோ மோதிய அடுத்த விநாடி சட்டைப் பைக்குள் போய்விடும். பார்த்தவர் சொன்னால்தான் காவல் நிலையத்தில் அது காரணமாகப் பதிவாகும். பதிவாகாத காரணம் புள்ளிவிவரத்துக்கு வராததோடு, அடிபட்டவரின் வழக்குக்கும் உதவாமல் போகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதல் என்றே சொல்கிறது. முதல் குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-இன் கீழ் ஐந்தாண்டு வரை சிறை. இவை ஓட்டுநர் மேல் அரசு தொடுக்கும் வழக்குகள். அபராதப் பணம் பொதுவாக அடிபட்டவர் வீட்டுக்கு வராது. அவருடைய பணம் வேறு வாசலில் இருக்கிறது: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கிளெய்ம் கேஸ் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

அங்கே தொகை எப்படி உருவாகிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 32 வயதுத் தச்சர், மாதம் 18,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார். விபத்தில் இறந்துவிடுகிறார். உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள் வகுத்த வழி இது:

ஆண்டு வருமானம்: 2,16,000
சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ், எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து: 3,02,400
சார்ந்திருப்போர் நால்வர், சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்து: 2,26,800
31 முதல் 35 வயதுக்கான பெருக்கி 16: 36,28,800
துணையையும் பெற்றவரையும் பிள்ளையையும் இழந்ததற்கு, ஆளுக்கு 48,400 வீதம் நால்வருக்கு: 1,93,600
ஈமச் செலவு 18,150, உடைமை இழப்பு 18,150: 36,300
மொத்தம்: 38,58,700

கடைசி இனங்கள் 2017-இல் 40,000, 15,000, 15,000 என்று இருந்தவை. மூன்றாண்டுக்கு 10 சதவீதம் உயர்த்த வேண்டும் என்ற தீர்ப்பின்படி இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன்.

இந்தக் கணக்கில் எல்லாம் பெருக்கல். முதல் வரியில் விழும் ஓட்டை கடைசி வரியில் லட்சங்களாக விரிகிறது. வருமானத்துக்குத் தாள் இல்லையென்று தீர்ப்பாயம் மாதம் 10,000 என்று மதிப்பிட்டால், மொத்தம் 22,45,900 ஆகிவிடும். குறைவது 16,12,800 ரூபாய். தச்சரின் கூலியை யாரும் ரசீதில் தருவதில்லை. வேலை கொடுத்தவர் கூகுள் பே-யில் அனுப்பிய வரவு, வங்கிக் கணக்கு அறிக்கை, நலவாரிய அட்டை, மேஸ்திரியின் வாக்குமூலம், டெலிவரி வேலை என்றால் செயலியில் இருக்கும் வாராந்தரக் கணக்கு, இவைதான் அந்தப் பதினாறு லட்சத்தைக் காப்பவை. துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைத் தேடச் சொல்வது கொடுமைதான். ஆனால் மூத்த பிள்ளையின் கல்லூரிச் செலவு அதற்குள்தான் இருக்கிறது.

அடுத்த ஓட்டை பங்களிப்புக் கவனக்குறைவு. பைக் ஓட்டியவர் மேலும் 20 சதவீதத் தவறு என்று முடிவானால் 7,71,740 ரூபாய் கழிந்துவிடும். இழப்பீட்டைத் தர வேண்டிய, காரின் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் இதற்குத்தான் முழு முயற்சியும் எடுப்பார்: ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, மூன்று பேர் போனார்கள். மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் அது விபத்துக்குக் காரணமாக இருந்தது என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு கார் வந்து இடித்ததற்கும் பைக்கில் எத்தனை பேர் என்பதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை நம் பக்க வக்கீல் கேட்டாக வேண்டும். ஹெல்மெட்டின் மதிப்பு வழக்கைவிடப் பெரியது. அது இறப்பு வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது.

எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கைபேசி இங்கேதான் வேலைக்கு வருகிறது. தீர்ப்பாயத்தில் வெல்ல அது கட்டாயம் இல்லை. குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்கக்கூடியது என்று தராசு சாய்ந்தால் போதும். தமிழ்நாட்டில் ஒரு பஸ் தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்ட வழக்கில், ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையான பிறகும் இழப்பீடு சரியே என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே தீர்த்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார் என்று பதிவு இருந்தால், 'பைக்காரர் குறுக்கே வந்தார்' என்ற வாதம் வலுவிழந்துவிடும். அழைப்புப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. நாம் நேரடியாகக் கேட்டால் தர மாட்டார்கள். விசாரணை அதிகாரி கேட்கலாம், அல்லது தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு வரவழைக்கலாம்.

இதில் விபத்து நடந்த நிமிடம்தான் உயிர். எஃப்.ஐ.ஆரில் 'இரவு சுமார் 8 மணி' என்று இருந்தால், 7.52-க்குத் தொடங்கிய அழைப்பு எதையும் சொல்லாது. 108-க்கு முதல் அழைப்பு போன நேரம், அருகிலுள்ள கடையின் சிசிடிவி, சுங்கச்சாவடிப் பதிவு ஆகியவற்றை வைத்து நேரத்தை நிமிடத்துக்குக் கட்ட வேண்டும். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அதை முதல் நாளிலேயே எழுதிக் கேட்பது நல்லது.

முதல் நாளைப் பற்றி இன்னொன்று. மருத்துவமனையில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் 'எப்படி அடிபட்டது' என்று எழுதுவார்கள். பதற்றத்தில் கூட வந்தவர் 'வண்டியிலிருந்து விழுந்துட்டாரு' என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரி 'தானாக விழுந்தவர்' என்ற வாதமாகத் தீர்ப்பாயத்தில் திரும்பி வரும். கார் இடித்தது, அதன் எண் இன்னது என்று சொல்லி எழுதவைக்க வேண்டும்.

அந்த எண்ணின் விலையையும் கணக்கிடலாம். வண்டி எதுவென்றே தெரியாமல் இடித்துவிட்டுப் போயிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. நம் தச்சர் குடும்பத்தின் 38,58,700-க்குப் பதிலாக 2 லட்சம். நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்ட ஒரு டீக்கடைக்காரர் 36 லட்சத்துக்கு மேல் காப்பாற்றியவர் ஆகிறார். 2022-இல் இடித்துவிட்டுப் போன விபத்துகளில் இறந்தவர்கள் 30,486 பேர். அந்த 2 லட்சத்தைக்கூட மிகச் சிலரே கேட்கிறார்கள் என்பதைக் கவனித்த உச்ச நீதிமன்றம், வண்டி பிடிபடவில்லை என்றால் இந்த உரிமையைக் காவல் துறையே குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. உடைந்த எலும்புகளை ஒட்டவைக்கும் ஒரு மருத்துவர் பத்தாண்டுக்கும் மேலாக அந்த வழக்கை விடாமல் நடத்தியிருக்கிறார்.

மருத்துவச் செலவுக்குக் கிளெய்ம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஒரு லட்சமாக இருந்த உச்சவரம்பு இப்போது 2 லட்சம். மத்திய அரசின் 2025 மே திட்டத்தில் ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரை.

பிழைத்தவரின் கணக்கு வேறு மாதிரி. உயிரோடு இருப்பவர் சாப்பிட வேண்டும் என்பதால் சொந்தச் செலவுக் கழிவு இல்லை. நம் தச்சர் பிழைத்து, வலது கை முடங்கி, மருத்துவக் குழு உடல் முழுமைக்கும் 35 சதவீத ஊனம் என்று சான்று தந்தால், 3,02,400 × 16 × 35 சதவீதம் = 16,93,440. ஆனால் ராஜ்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் கேட்கச் சொன்னது எத்தனை சதவீத உறுப்பு போனது என்பதை அல்ல, எத்தனை சதவீதப் பிழைப்பு போனது என்பதை. கை போன எழுத்தருக்கு வேலை தொடரலாம். தச்சருக்கு நூறு சதவீதமே போனதாகக் கொள்ளலாம். அப்போது அது 48,38,400. இந்த இரண்டு தொகைக்கும் நடுவிலுள்ள 31 லட்சம், அவர் என்ன வேலை செய்தார், அதற்கு அந்தக் கை எப்படி வேண்டும் என்பதைச் சாட்சிக் கூண்டில் பொறுமையாக விளக்குவதில் இருக்கிறது. மருத்துவச் சான்றை மட்டும் நீட்டிவிட்டு உட்கார்ந்தால் அது போய்விடும்.

நடைமுறைக் கெடுக்கள் சில. காவல் துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 விதி. மனுத் தாக்கலுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் முடியும்வரை காலதாமதத்தைக் காட்டி மனுவைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு. சென்னையில் அடிபட்ட தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே மனுப் போடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் அரசே வக்கீல் தரும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம் என்று அழைப்பு வரும். காப்பீட்டு நிறுவனம் 24 லட்சம் தருகிறேன் என்று சொல்லலாம். கையில் வரும் பணம் என்பதால் ஆசை வரும், அதில் தவறில்லை. அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. அதனால் போகும் முன் மேலே உள்ள வரிகளைத் தன் வீட்டு எண்களோடு ஒரு தாளில் போட்டு, மனுத் தாக்கல் நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீதம் வட்டி கிடைத்தால் எவ்வளவு என்றும் கூட்டிக்கொள்ள வேண்டும். 38,58,700-க்கு அது ஆண்டுக்கு 2,89,400 ரூபாய்.