உங்களுக்குத் தெரியுமா? வேகம் குறைந்தால் சார்ஜ் ஏறும்!
மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரின் வேலை தலைகீழாகிறது. அதுவரை சக்கரங்களைச் சுழற்றிய மோட்டாரை இப்போது சக்கரங்கள் சுழற்றுகின்றன. அது ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த இழுவையிலேயே காரின் வேகமும் குறைகிறது. சாதாரண பெட்ரோல் காரில் பிரேக் பிடிக்கும்போது இந்த ஆற்றல் வெப்பமாகி வீணாகிவிடும். 2017இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை நிசான் லீஃப் காரை, பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் ஒன்றைக் கொண்டே ஓட்டவும் நிறுத்தவும் முடியும். புதிதாக ஓட்டுபவருக்கு முதலில் கார் வெடுக்கென்று நிற்பதுபோல் இருக்கும். கால் விரைவில் பழகிவிடும். அடிக்கடி நின்று செல்லும் நகர நெரிசலில்தான் இதன் பலன் மிகுதி. நெடுஞ்சாலையில் குறைவு. பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் திரும்பிவரும் மின்சாரத்தை ஏற்க இடமிராது. அப்போது வழக்கமான பிரேக்கே கைகொடுக்க வேண்டும்.