ஊசி பிடித்த கை

கண்ணாடித் தொட்டியிலே வண்ண மீன்கள் வளைந்து நெளிந்து நீந்துவதைக் காண்கிறோம். குழந்தையைத் தோளிலே தூக்கி வைத்து, "அதோ பார், அதோ பார்" என்று காட்டி மகிழ்கிறோம். கடல்வாழ் உயிரை ஆராய்வதற்கென்றே இத்தகைய தொட்டியை அமைத்து வெற்றி கண்ட முன்னோடி யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர். பல்கலைக் கழகத்திலே பயின்றவரும் அல்லர். துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண்!

ழான் வில்ப்ரூ என்பது அவர் பெயர். பிரான்சு நாட்டின் ஜூயாக் என்னும் சிற்றூரில் 1794-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் துணி தைப்பவர். பதினெட்டு வயதிலே, பிழைப்புத் தேடிப் பாரிசுக்குப் புறப்பட்டார். நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. வண்டியிலா? இல்லை, கால்நடையாக! அங்கே தையற்கடை ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தார். 1816-இல் அரச குடும்பத் திருமணம் ஒன்றுக்கு மணப்பெண்ணின் ஆடையை அணிசெய்து தைத்தது அவர் கைதான். ஆடையை ஊர் புகழ்ந்தது. அந்தப் புகழின் வழியே ஜேம்ஸ் பவர் என்ற வணிகரின் அறிமுகம் கிடைத்தது. 1818-இல் மெசினா நகரில் திருமணம். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் சிசிலித் தீவே அவர் வீடு.

வணிகர் மனைவி, வசதி உண்டு. விருந்தும் கேளிக்கையுமாகக் காலத்தைக் கழித்திருக்கலாம். குறை சொல்வார் யாருமில்லை. அவரோ கடற்கரைக்குச் சென்றார். தாமே நூல்களைப் படித்துத் தாமே கற்றார். அவர் கருத்தைக் கவர்ந்தது ஆர்கனாட் என்னும் சிறு உயிர். நம் மீனவத் தோழர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அந்த இனம். ஆனால் இதில் பெண்ணுக்கு மட்டும் காகிதம்போல் மெல்லிய, வெண்ணிறமான, அழகிய ஓடு ஒன்று உண்டு. அதற்குள் முட்டைகளைச் சுமந்து திரியும்.

இந்த ஓட்டைப் பற்றித்தான் அறிஞர் உலகிலே பெரும் வழக்கு! அரிஸ்டாட்டில் காலந்தொட்டுத் தீராத வழக்கு. ஓடு இந்த உயிர் கட்டியதா, அல்லது வேறெதனிடமிருந்தோ பறித்ததா? ஓட்டுக்கும் உடலுக்கும் தசைப் பிணைப்பு ஏதுமில்லை. எனவே இது பிறர் வீட்டில் குடியேறிய திருடன், சங்குக்குள் புகுந்துகொள்ளும் துறவி நண்டைப் போல என்று பிரான்சின் பெரும் புலவர் பிளான்வில் போன்றோர் அடித்துப் பேசினர். சாராயக் குப்பியிலே ஊறிக் கிடந்த பிணங்களை மேசைமேல் வைத்துக்கொண்டு உயிரின் கதையைப் பேசினர் பலர். செத்ததைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

உயிரோடு இருப்பதைக் கேட்போம் என்றார் தையற்காரி. 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்தார், கடல்நீர் நிரப்பினார், ஆர்கனாட்டை உள்ளே விட்டு, உணவிட்டு, பொறுமையோடு கண்காணித்தார். அது மட்டுமா? கடலுக்குள்ளேயே இறக்கி வைக்கும் கூண்டும் செய்தார். பெரிய உயிர்களுக்கென நங்கூரமிட்டு நிறுத்தும் பெருங்கூண்டும் செய்தார்.

பார்த்தார். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஓடு இல்லை! பின்னர்தான் அது தனக்கென ஓடு கட்டத் தொடங்குகிறது. திருட்டுக் குற்றச்சாட்டு இத்தோடு தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். அவர் நிற்கவில்லை. வளர்ந்த உயிரின் ஓட்டை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தார். உடைந்த இடத்தின்மேல், அது இரண்டு கைகளிலுள்ள அகன்ற சவ்வைப் போர்த்தியது. ஓட்டுப் பொருளைச் சுரந்து அடைத்தது. காற்றிலே விரித்துக் கப்பல்போல் ஓடுவதற்கான பாய் என்று பழம்புலவர் பாடி வைத்த சவ்வு அதுதான்! பாயும் இல்லை, படகோட்டமும் இல்லை. அது வீடு கட்டும் கருவி. கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்டுப் பழகிய கண்ணுக்கு அந்த வேலை விளங்காமலா போகும் என்று எண்ணி நாம் புன்னகைக்கிறோம்.

கட்டானியா நகரின் கியோனியா அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவரே. கடற்கூண்டுகளுக்கு அவர் பெயரையே சூட்டியது அக்கழகம். 1839-இல், லண்டன் விலங்கியற் கழகத்திலே, ரிச்சர்ட் ஓவன் என்ற பேரறிஞர் அம்மையார் அனுப்பிய சான்றுகளை எடுத்துக்காட்டி வாதாடினார். வழக்கு முடிந்தது.

ஆனால் கடல் தன் பங்கைக் கேட்டது. அவர் சேர்த்த பொருள்கள், ஏடுகள், ஓவியங்கள் பலவற்றை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கிற்று. ஆண்டாண்டாய்ச் சேர்த்த உழைப்பு நீருக்குள் போயிற்று. தொடர்ந்து எழுதினார், எனினும் பழைய ஆய்வு மீண்டும் தொடரவில்லை.

புகழும் கைமாறிப் போயிற்று. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலே மீன்காட்சியகம் திறந்தார்கள், ஊரே திரண்டது, மீன்தொட்டி மோகம் வீடுதோறும் பரவிற்று. நூல் எழுதியவர் பெயரும் காட்சி அமைத்தவர் பெயரும் பேசப்பட்டன. மெசினாவிலே இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொட்டி கண்டவரை நினைத்தவர் சிலரே. தொட்டியைக் கண்டறிந்த பெருமை இந்த அம்மையாருக்கு உரியது என்று 1858-இல் எழுதிய ஓவன் அந்தச் சிலரில் ஒருவர்.

1870-இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட நெருங்கியபோது, முதுமையிலே அந்நகரை விட்டு வெளியேறினார். பதினெட்டு வயதிலே எந்தச் சிற்றூரிலிருந்து நடந்து வந்தாரோ, அந்த ஜூயாக்கிற்கே திரும்பினார். 1871 சனவரியில் அங்கேயே மறைந்தார். வெள்ளிக் கோளின் மேலுள்ள பெரும்பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள் — 1997-ஆம் ஆண்டிலே.