கரும்பின் பெருமை

காஞ்சியில் அருளாட்சி புரியும் அன்னை காமாட்சியின் திருக்கரத்தில் கரும்பு வில் விளங்குவதை அன்பர்கள் கண்டு தொழுதிருப்பர். மன்மதனிடம் இருந்தபோது ஆசையைத் தூண்டிய வில், அன்னையின் கரத்திற்கு வந்தபின் ஆசையை அடக்கும் கருவியாயிற்று என்பது பெரியோர் வாக்கு. லலிதா சகஸ்ரநாமம் மனத்தையே அன்னையின் கரும்பு வில்லாகப் போற்றுகிறது.

மதுரையில் எல்லாம் வல்ல சித்தராய் எழுந்தருளிய சோமசுந்தரப் பெருமான், அபிடேக பாண்டியன் காண, விமானத்தைத் தாங்கும் கல்யானைகளுள் ஒன்றுக்குக் கரும்பு கொடுத்து உண்ணச் செய்த திருவிளையாடலும் யாவரும் அறிந்ததே. தை முதல் நாளில் பொங்கற் பானையின் அருகே கரும்பை நிறுத்திக் கதிரவனை வழிபடும் தமிழருக்கு, இக்கதை அதே திருநாளில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவது கூடுதல் மகிழ்ச்சி தரும். கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றில் குறித்துள்ளார்.

கரும்பின் பெயரையே தம் திருநாமமாகக் கொண்ட இறைவனும் உண்டு. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்தை அடுத்த கோயில்வெண்ணியில் அருள்மிகு கரும்பேசுவரர், அன்னை சௌந்தரநாயகியுடன் எழுந்தருளியுள்ளார். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் இது. இங்குள்ள சிவலிங்கத் திருமேனி, கரும்புக் கழிகளைக் கட்டாகக் கட்டி வைத்தாற்போல் காட்சியளிக்கிறது. நீரிழிவு நோயால் வருந்துவோர் ரவையும் சர்க்கரையும் கலந்து திருச்சுற்றில் தூவி வேண்டிக்கொள்கின்றனர். எறும்புகள் சர்க்கரையை உண்ண, நோய் தணியும் என்பது நம்பிக்கை. வேண்டுதல் செய்வோர் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடலாகாது. வழிபாடு மருந்துக்குத் துணையாகுமே அன்றி மாற்றாகாது.

அபிடேகத்திற்குக் கரும்புச் சாறு பயன்படுகிறது எனினும், திருக்கோயில்களில் அதனினும் மிகுதியாகப் பயன்படுவது வெல்லமே. சர்க்கரைப் பொங்கல், அப்பம், மோதகம், பானகம் ஆகிய யாவற்றிற்கும் அதுவே இனிமை தருகிறது. கரும்பை வெட்டியவுடன் காலம் தாழ்த்தாது ஆட்டுதல் வேண்டும். நாள் கடந்தால் இனிப்புக் குறைந்துவிடும். ஆலையில் பிழிந்த சாற்றை அகன்ற கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவர். அதில் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்ப்பதும், வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி எடுத்த பசையைச் சேர்ப்பதும் உண்டு. அழுக்கு நுரையாய் மேலே திரளும். அதை அகப்பையால் அரித்து எறிவர். பாகு பதம் வந்ததும் அச்சில் வார்த்தால் அச்சு வெல்லம். கையால் பிடித்தால் உருண்டை வெல்லம். மரக்கட்டையால் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை. நூறு கிலோ கரும்புக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பத்துக் கிலோ வெல்லம்தான்.

2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்துடன் சேர்வது இந்த நாட்டுச் சர்க்கரையே. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி இதற்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பழனித் திருக்கோயிலுக்காகச் சர்க்கரை கொள்முதல் செய்யப்படுகிறது.

இங்கே அன்பர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாங்குவோர் பலரும் வெளிர் மஞ்சள் நிற வெல்லமே தூயது என எண்ணி அதையே விரும்புகின்றனர். அவ்விருப்பத்தை நிறைவு செய்யவே கொதிக்கும் பாகில் ஹைட்ரோஸ் எனப்படும் வெளுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுவோரும் உளர். மருந்து கலவாது காய்ச்சிய வெல்லம் பெரும்பாலும் கருத்திருக்கும். அதைக் கொண்டுவரும் உழவரோ, பண்டம் தூயதாயிருந்தும் சந்தையில் குறைந்த விலைக்கே விற்க நேர்கிறது. மண்ணும் கரும்பின் இனமும் வாய்த்தால் இயல்பாகவே பொன்னிறம் அமைவதும் உண்டாதலின், நிறமுள்ளவை எல்லாம் கலப்படம் எனல் தகாது. ஆயினும், இறைவனுக்கு நிவேதனம் செய்யக் கருத்த வெல்லம் ஆகாது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது அறியாமை.

சாறு போக எஞ்சியவையும் வீணாவதில்லை. வெல்லம் காய்ச்சும் அடுப்பிற்கு அதே கரும்பின் உலர்ந்த சக்கையே விறகு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கப்பட்டுப் பெட்ரோலுடன் கலக்கப்படுகிறது. கொழுந்தாடை மாட்டிற்குத் தீவனம். தோகை கூரைக்கும் நிலப்போர்வைக்கும் உதவும். கணுவுள்ள கரணையே அடுத்த பயிருக்கு விதை. திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவில், மகப்பேறு வேண்டிப் பெற்றவர்கள் கரும்புக் கழிகளில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையை அதில் கிடத்தி மாடவீதி வலம் வருவது காண்போர் நெஞ்சை உருக்கும் காட்சி.

இத்துணை இனிய பயிர் இன்று நிலைத்திருப்பதற்கு இனிப்பற்ற காட்டுப்புல் ஒன்று துணைநின்றது என்றால் வியப்பாகும். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியபின், பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் தடித்த இனிய கரும்பை ஆற்றங்கரை நாணலுடன் இணைத்துப் புதிய இனம் கண்டனர். அவ்வாறு பிறந்த கோ 205 என்னும் இனம் 1918-இல் வட இந்திய உழவர்க்குக் கிடைத்தது. நாணலின் உறுதியும் கரும்பின் சுவையும் அதில் ஒன்றாயின.

பட்டினத்தடிகள் திருக்கரத்தில் ஏந்தி நிற்பதும் இனிப்பில்லாத பேய்க்கரும்பே. அதன் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முத்தி என்பது அவருக்கு இறைவன் உணர்த்திய அடையாளம். தலந்தோறும் சுவைத்து வந்தவருக்குத் திருவொற்றியூரில் அது இனித்தது. கடற்கரையை ஒட்டிய அவர் சமாதித் திருக்கோயிலில் அடிகள் சிவலிங்க வடிவில் இன்றும் வழிபடப் பெறுகிறார்.