மாதுவும் பி ஷிப்டும்

கிரேஸி மோகன் மெக்கானிக்கல் இன்ஜினியர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். இன்று மண்ணூர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கம்பெனி பஸ் ஏறும் டிப்ளமோ பையன்களுக்கு ‘பஞ்சதந்திரம்’ பட வசனம் தண்ணீர் பட்ட பாடு. அதை எழுதியவரும் ஒரு காலத்தில் தங்களைப் போல ஆலைக்குப் போய்வந்தவர்தான் என்று அறிந்தவர் குறைவாகத்தான் இருப்பார்கள்.

1972-ல் கல்லூரியில் ‘கிரேட் பேங்க் ராபரி’ என்றொரு நாடகம் எழுதினார். பரிசு கொடுக்க வந்தவர் கமல்ஹாசன். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ ஓடிய ஓட்டத்தில், மோகன் பெயருக்கு முன்னால் ‘கிரேஸி’ ஒட்டிக்கொண்டது. 1979-ல் சொந்தக் குழு கண்டார். கதாநாயகன் தம்பி பாலாஜி. நாடகம் மாறினாலும் பாத்திரத்தின் பெயர் மாதுதான். பகலில் வேலை, சாயங்காலம் சபா. நேரத்துக்கு முடியும் வேலையும் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் மேடையும் இருந்ததால் அது நடந்தது. திறமையை மட்டும் காரணம் சொன்னால் பாதிக் கதைதான்.

அப்போது, மண்ணூரும் ஒரகடமும் இருக்கும் இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்துக்கொண்டிருந்தது. மயிலாப்பூர் சபா டிக்கெட் இங்கே யாருக்கும் தேவைப்படாத சமாச்சாரம். மோகன் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது சினிமா வழியாகத்தான். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை இயக்குநர் பாலசந்தர் 1983-ல் ‘பொய்க்கால் குதிரை’ ஆக்கினார். 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’, மறு வருடம் ‘மைக்கேல் மதன காமராஜன்’. பிறகு ‘அவ்வை சண்முகி’, ‘தெனாலி’, ‘வசூல்ராஜா’. நடுவே ‘விடாது சிரிப்பு’ போன்ற தொலைக்காட்சித் தொடர்களும். கதாநாயகிக்கு ஜானகி என்று பெயர் வைப்பார். பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது.

1998-ல் இந்த வட்டாரத்தில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் ரெனோ நிஸானும் டைம்லரும் வந்தன. வயல் பிளாட் ஆனது, வீட்டு மாடி வாடகை அறை ஆனது. அதே 2006-ல் அரசு தரத் தொடங்கிய இலவச டிவி, சினிமாவைக் கொட்டகையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தது. நகைச்சுவைக்கென்றே வந்த சேனல்கள் படங்களைத் துண்டு போட்டன. எல்லாப் பழியையும் செல்போன் மேல் போடுகிறார்கள். வெட்டியது முதலில் டிவி.

வெட்டினால் மோகனுக்குத்தான் நஷ்டம் அதிகம். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் சாம்பாரில் மீன் விழும் காட்சி தனியாக நின்றும் சிரிக்க வைக்கும், சரி. மலை விளிம்பில் வீடு ஆடும்போது நாலு கமலும் ஒன்றுசேரும் கலாட்டாவை அப்படிப் பார்க்க முடியாது. யார் யாரை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு, படம் முழுக்கப் பல்சக்கரம் பல்சக்கரமாகக் கோத்துவைத்தது. ஒரு பல்லைக் கழற்றி முப்பது வினாடி சுற்றிக்காட்டுகிறது ரீல்ஸ். அதில் நடிகரின் முகம் இருக்கிறது. எழுதியவர் பெயர் வரும் டைட்டில் கார்டு இல்லை.

எனக்கு அவர்மேல் ஒரு குறையும் உண்டு. ஆலையை உள்ளிருந்து பார்த்தவர், நாடகத்துக்குப் பெரும்பாலும் நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்தையே எடுத்துக்கொண்டார். ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்காகச் சொல்லும் பொய்கள், ஒரே அறையில் நாலு ஷிப்டுக்காரர்கள், தமிழும் இந்தியும் ஒடியாவும் மோதும் கேன்டீன் வரிசை: ஆள்மாறாட்டத்துக்கு இதைவிட நல்ல களம் ஏது? 2019 ஜூன் 10-ல் மோகன் இறந்துவிட்டார். பாலாஜி நாடகங்களை விடாமல் தொடர்ந்தார். ஆனால் நாடகம் நடப்பது சென்னையில், சாயங்காலத்தில். அந்த நேரத்தில் பி ஷிப்டுக்காரன் லைனில் நிற்கிறான். தன்னை வைத்து ஒரு மாதுவை எழுத அவனுக்கு விஷயம் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் மாறாத ஒரு சாயங்காலம்தான் இல்லை.