டாக்டர்கள் கூட்டுச் சேர்ந்தால் நோயாளிக்கு என்ன கிடைக்கும்?

காரைக்கால் மாவட்டம் கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கிறது வரிச்சிக்குடி. அங்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒரு பெரியவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காய்ச்சல், உடம்பு வலி என்றால் பக்கத்து கிளினிக். முழங்கால் வலிக்குக் காரைக்கால் டவுனில் எலும்பு டாக்டர். நெஞ்சு படபடப்புக்கு இன்னொருவர். முதல் டாக்டர் வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதுகிறார். எலும்பு டாக்டர் அசிக்ளோஃபெனாக் எழுதுகிறார். பெயர் வேறு, அட்டை வேறு, ஆனால் இரண்டும் ஒரே வகை மருந்து. சேர்த்து விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும், மூன்றாமவர் பாடுபட்டு இறக்கிய ரத்த அழுத்தம் மறுபடி ஏறும். மூன்று பேரும் அவரவர் வரையில் சரியாகத்தான் பார்த்தார்கள். ஒருவர் எழுதியது அடுத்தவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தனித்தனியாக கிளினிக் நடத்தும் டாக்டர்கள் ஒரு குழுவாகச் சேருவது நல்லதா என்ற கேள்விக்கு நான் இங்கிருந்துதான் பதில் தேடுவேன். பெயர்ப்பலகை ஒன்றாவதாலோ, வாடகை மிச்சமாவதாலோ நோயாளிக்கு எதுவும் மாறாது. நோயாளியின் மருத்துவக் குறிப்பு ஒன்றாக வேண்டும். ராத்திரி நேரப் பொறுப்பு பொதுவாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கூட்டு வெறும் வணிகக் கூட்டு.

உலகில் இதை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டிய இடங்களில் ஒன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் விவசாயப் பூமிக்கு நடுவே இருந்த ராச்செஸ்டர். அங்கே டாக்டர்களான மேயோ சகோதரர்களுடன் வெவ்வேறு துறை டாக்டர்கள் வந்து சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் தனக்கென ஒரு பேரேட்டில் எழுதிவந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹென்றி பிளம்மர் 1907இல் அதை மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஒரே கோப்பு. எந்த டாக்டர் பார்த்தாலும் அதில்தான் எழுத வேண்டும். இன்று எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இதுதான் வழக்கம். 1919இல் சகோதரர்கள் சொத்துகளை லாப நோக்கற்ற அமைப்புக்கு எழுதிக்கொடுத்து, டாக்டர்களைச் சம்பளத்துக்கு மாற்றினார்கள். அதிகம் பேசப்படுவது கோப்புதான் என்றாலும், சம்பள ஏற்பாடும் அதே அளவு முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே டாக்டர்களைக் கூட்டுச் சேரத் தூண்டுவது பெரும்பாலும் இன்சூரன்ஸ். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, இன்சூரன்ஸ் செல்லும் மருத்துவமனையாக எண்ணப்பட, ஓர் இடம் மருத்துவ நிறுவனச் சட்டத்தில் மருத்துவமனையாகப் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால், பத்து லட்சம் மக்களுக்குக் குறைவான ஊரில் 10 படுக்கை, 24 மணி நேரமும் நர்ஸ், 24 மணி நேரமும் டாக்டர், முழு வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வேண்டும். காரைக்கால் மாவட்டம் முழுவதற்குமே 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,00,222தான். 10 படுக்கை போதும் என்றாலும், இரவு பகலாக ஒரு டாக்டரை இருத்துவது தனி ஆளால் ஆகிற காரியம் அல்ல. நான்கு பேர் முறைவைத்தால் முடியும்.

சேருவது என்று முடிவானால் எந்த வடிவில்? 1932ஆம் ஆண்டுச் சட்டப்படியான சாதாரணக் கூட்டாண்மை எளிது, செலவு குறைவு. ஆனால் தொழிலில் ஒருவர் செய்யும் தவறுக்கு எல்லாப் பங்குதாரர்களும் பொறுப்பு. சொந்த வீடு வரை போகும். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு இது சின்ன விஷயமல்ல. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படியான எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையில், ஒருவர் தவறுக்கு இன்னொருவரின் சொந்தச் சொத்து பொறுப்பாகாது. தவறு செய்தவரும் நிறுவனமும் பொறுப்பு. ஆனால் வரவில் பாதியை லாபமாகக் காட்டி எளிதாக வரி கட்டும் சலுகை சாதாரணக் கூட்டாண்மைக்கு உண்டு, எல்.எல்.பி.க்குக் கிடையாது. என்னைக் கேட்டால், அந்தச் சலுகைக்காக வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

வரிச்சிக்குடிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. வடக்கே எல்லையைத் தாண்டினால் தரங்கம்பாடி, பொறையார், அது தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம்; இங்கே 2010ஆம் ஆண்டு மத்திய மருத்துவ நிறுவனச் சட்டம்; டெல்லி தவிர்த்த யூனியன் பிரதேசங்களில் 2012 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம். இரு பக்கமும் கிளினிக் உள்ள குழு, இரண்டு அரசுகளிடம் இரண்டு பதிவு வாங்க வேண்டும். ஸ்கேன் மெஷினுக்கும் பதிவு இடத்தைப் பொறுத்ததுதான். மெஷினைத் தூக்கி அடுத்த கிளினிக்கில் வைத்துவிட முடியாது. நோயாளிகளோ எல்லை பார்த்து வருவதில்லை. ஒருவர் கையில் தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டை, அடுத்தவர் கையில் புதுச்சேரியின் அட்டை. பில் போடுகிற பெண்ணுக்கு இரண்டும் அத்துப்படியாக வேண்டும்.

இனி, சம்பளத்துக்கு வருகிறேன். நோயாளியை அனுப்பி வைத்ததற்குக் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் தடை செய்கின்றன. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் உடனே நிறுத்தி வைக்கப்பட்டதால் இன்றும் பழையதே செல்லும். வெளி லேபுக்கு அனுப்பிக் கமிஷன் வாங்கினால் குற்றம். அதே டாக்டர் குழுவின் சொந்த லேபுக்கு அனுப்பி, எத்தனை டெஸ்ட் என்ற கணக்கில் பங்கு வாங்கினால்? பணம் வேறு பெயரில் வருகிறது; நோயாளியின் பர்சில் விழும் ஓட்டை அதே அளவுதான். எனவே எழுதும் டெஸ்டுக்கும் எடுக்கும் வருமானத்துக்கும் தொடர்பில்லாமல் பங்கு பிரிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இதைக் கேட்க நோயாளிக்கும் உரிமை உண்டு.

வெளிப் பணம் நுழைந்தால் அழுத்தம் இன்னும் கூடும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கில், டாக்டர்களுக்கே சொந்தமான கிளினிக்குகளில் வேலை செய்வோர் 2012இல் 60.1 சதவீதம், 2024இல் 42.2 சதவீதம். டெக்சஸில் மயக்க மருந்து டாக்டர்களின் குழுக்களை வரிசையாக வாங்கி விலையை ஏற்றியதாக, ஒரு நிறுவனத்தின் மீது 2023 செப்டம்பரில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் கண் மருத்துவத்தில் பெரிய தொடர்கள் உருவாகிவிட்டன. 1957இல் சென்னையில் தொடங்கிய டாக்டர் அகர்வால்ஸ், பல ஊர்க் கண் மருத்துவமனைகளைத் தன்னோடு சேர்த்து வளர்ந்து 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. முதலீட்டால் நல்ல கருவிகள் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த நோயாளிக்கு எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அங்கே உட்கார்ந்து பார்க்கும் டாக்டர்தான் இருக்க வேண்டும்.

கிளினிக் இணையும்போது பழைய குறிப்புகள் என்னாகும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பது விதி. வெளிநோயாளிகளுக்கு அந்த விதியில் அப்படி ஒன்று இல்லை. இந்த ஊர்களில் கிளினிக்குக்கு வருவோரில் ஏறக்குறைய எல்லோரும் வெளிநோயாளிகள்தான்.

முழு இணைப்புக்குத் துணிவில்லாதவர்களுக்கு இங்கிலாந்து ஒரு வழி காட்டியிருக்கிறது. 2019 ஜூலை முதல் அங்கே குடும்ப டாக்டர்கள் தத்தம் கிளினிக்கைக் கைவிடாமலேயே, 30,000 முதல் 50,000 பேருக்கு ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் போன்றோரைப் பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் காரைக்கால் மாவட்டத்துக்கே நான்கைந்து குழு போதும். வரிச்சிக்குடி, கோட்டுச்சேரி டாக்டர்கள் இதற்குக் கம்பெனி பதிய வேண்டாம், கட்டடம் தேட வேண்டாம். இன்று ராத்திரி யார் போனை எடுப்பார் என்ற முறைப்பட்டியலை எழுதி, ஊர் மருந்துக்கடை வாசலில் ஒட்டினால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.